உண்ணப்படாத மலரும் அதைத் தீண்டும் கையும்

தக்காளியிலும் மாம்பழத்திலும் தேயிலையிலும் இன்ன பூச்சிமருந்து இன்ன அளவுக்குமேல் எஞ்சியிருக்கலாகாது என்று விதிக்கும் சட்டம் இன்று பெரும்பாலான தேசங்களில் உண்டு. அந்த அளவைத் தாண்டிய சரக்கு துறைமுகத்திலேயே தடுக்கப்பட்டுத் திரும்புவதையும் பத்திரிகைகளில் அவ்வப்போது படிக்கிறோம். ஆனால் ஒரு பூங்கொத்துக்கு அப்படிப்பட்ட வரம்பு ஐரோப்பாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. மலரை யாரும் உண்பதில்லை என்பதே அதற்குக் காரணம். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே தோன்றும் இந்தக் காரணத்தைச் சற்று நின்று ஆராய்ந்தால், விஷத்தை அளக்கும் கோலை உண்பவனுடைய வாயருகே மட்டும் நட்டுவைத்த சட்டம், அப்பொருளை வளர்த்து, கொய்து, முள் களைந்து, தரம் பிரித்து, கட்டி அனுப்புகிறவர்களுடைய தோலையும் மூச்சையும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டது என்பது விளங்கும். மலர்ப்பண்ணைத் தொழிலாளரைப் பீடிக்கும் வியாதிகளில் பல இந்த மறதியின் வழியாகவே உட்புகுந்தவை என்பது என் அபிப்பிராயம். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடரின் மேட்டு நிலங்களில் இது குறித்து நாற்பதாண்டுகளாகத் திரண்டிருக்கும் ஆராய்ச்சிகள் அந்த அபிப்பிராயத்திற்குப் போதிய ஆதாரம் தருகின்றன.

கொலம்பியாவின் தலைநகரான பொகோதாவைச் சூழ்ந்த சமவெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஈக்வடாரின் கயாம்பே, தபக்குண்டோ முதலிய ஊர்கள் அதனினும் சற்று உயர்ந்தவை. பூமத்திய ரேகைக்கு அணித்தாயிருப்பதால் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாயிருக்க, உயரத்தினால் வெயிலின் கடுமை தணிந்து இரவுகள் குளிர்ந்திருக்க, ரோஜாவின் மொட்டு நிதானமாக முதிர்ந்து பெருக்கவும் அதன் காம்பு நேராக நீளவும் வேண்டிய சௌகரியங்களையெல்லாம் இயற்கையே அங்கே செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த டேவிட் சீவர் என்பவர், உலகச் சந்தைக்கு மலர் ஏற்றுமதி செய்யப் பொகோதாவே தகுந்த இடம் என்று 1967இல் ஓர் ஆய்வுரை எழுதினார். ஏட்டில் எழுதியதோடு நில்லாமல், இரண்டாண்டு கழித்துத் தம் நண்பர்களுடன் அங்கேயே சென்று ஒரு மலர்ப்பண்ணையையும் நிறுவினார். பல்கலைக்கழக ஆய்வுரைகளுள் இத்தனை விரைவில் இத்தனை பெரிய வியாபாரமாகப் பலித்தவை அதிகமிருக்க முடியாது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, குளிர்காலத்தில் கண்ணாடிக் குடில்களைச் சூடேற்றி மலர் வளர்த்துவந்த அமெரிக்க விவசாயிகளின் செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று. கொலம்பிய ஏற்றுமதியாளரின் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேதான். 1991ஆம் ஆண்டின் இறுதியில், கோக்கா பயிருக்கு மாற்றான பிழைப்புகளை வளர்ப்பது என்ற நோக்கத்தோடு அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், ஆண்டிஸ் நாடுகளின் மலருக்குச் சுங்க விலக்கு அளித்தது. கோக்கா விளையும் வெப்பச் சரிவுகளும் ரோஜா விளையும் குளிர் மேடுகளும் வெவ்வேறு பூமிகள் என்பதைப் பற்றி அந்தச் சபையில் யாரும் அதிகமாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஈக்வடார் 1980களில் இத்தொழிலுக்குள் வந்தது. இன்று அமெரிக்கா இறக்குமதி செய்யும் மலர்களில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு மயாமி விமான நிலையத்தின் வழியாகவே நுழைகின்றன.

இத்தொழிலில் பூச்சிமருந்தும் பூசணமருந்தும் அளவுமீறிப் பிரயோகிக்கப்படுவதற்கு முதலாளிகளின் பேராசை ஒன்றே காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அது பாதி உண்மையே. பாலிதீன் கூரையின் கீழ் ஒரே சாதிச் செடி ஹெக்டேர் கணக்கில் நெருங்கி நிற்குமிடத்தில், இரவின் ஈரமும் பகலின் புழுக்கமும் மாறிமாறி வரச் சாம்பல் நோயும், அடிச்சாம்பலும், மொட்டை அழுகச் செய்யும் பூசணமும் தாமாகவே பெருகுகின்றன. காய்ந்த மூலைகளில் செஞ்சிலந்தி குடிபுகுகிறது. இலைப்பேன் எங்கும் உண்டு. சந்தையோ, இதழில் ஒரு பொட்டுக்கூட இல்லாத மலரையே மலரென்று ஏற்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இறக்குமதி செய்யும் தேசத்தின் தாவரப் பாதுகாப்பு அதிகாரி பெட்டியைத் திறந்து உதறிப் பார்க்கையில் உயிருள்ள பூச்சி ஒன்று விழுந்தால்கூடச் சரக்கு முழுவதும் புகைமூட்டத்துக்கோ அழிவுக்கோ உள்ளாகும். ஆகவே பூச்சிக்கு எதிராக உச்சநிலைக் கண்டிப்பு உடையதும், விஷத்துக்கு எதிராக யாதொரு கண்டிப்பும் இல்லாததுமான ஒரு விதிமுறைக்கு ஆட்பட்ட விவசாயி எந்தப் பக்கம் சாய்வான் என்பதை ஊகிக்கப் பெரிய பொருளாதார ஞானம் வேண்டியதில்லை.

குடிலுக்குள் நடக்கும் வேலையைக் கிட்டநின்று பார்த்தால்தான் விஷம் எவ்வழியாகச் சரீரத்தை அடைகிறது என்பது புலப்படும். ரோஜா கொய்பவள் (இவ்வேலையில் பெரும்பாலும் பெண்களே இருக்கிறார்கள்) தனக்கென ஒதுக்கப்பட்ட பாத்திகளுக்கிடையே, தோளகலத்துக்குச் சற்றே மிகுந்த சந்தில் பக்கவாட்டாக நடக்கிறாள். இருபுறமும் தலைக்கு மேல் வளர்ந்த செடிகளின் இலை அவளுடைய கன்னத்திலும் கழுத்திலும் முன்கையிலும் உரசிக்கொண்டேயிருக்கிறது. இடக்கையால் தண்டைப் பிடித்து, வலக்கையிலுள்ள கவாத்துக் கத்தரியால் உரிய கணுவுக்கு மேலே வெட்டி, வெட்டிய தண்டை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த மொட்டுக்கு நகர்கிறாள். இருபத்தைந்து தண்டு சேர்ந்ததும் வலைத்துணியில் சுற்றி வைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறாள். அந்தத் தண்டுகளும் இலைகளும் முந்தின நாள் மாலையிலோ, சில பண்ணைகளில் அன்று விடியற்காலையிலோ மருந்து நனைந்தவை. முன்கையில் படியும் வெண்ணிறப் பொடி மருந்தின் காய்ந்த மீதி. வியர்வை அதைக் கரைக்கிறது. முள் கிழித்த இடம் அதற்கு வழிவிடுகிறது. நெற்றியைத் துடைக்க உயரும் புறங்கை கண்ணுக்கும் உதட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

தரம் பிரிக்கும் கூடத்தில் நிலைமை வேறு. அங்கே வெயில் இல்லை, குளிர் உண்டு. தரை எப்போதும் ஈரம். தண்டின் அடிப்பகுதி இலையையும் முள்ளையும் உருவித் தள்ளி, நீளவாரியாகப் பிரித்து, மொட்டுகளின் தலை ஒரே மட்டத்தில் நிற்கும்படி அட்டையில் வைத்துக் கட்டும் பெண்கள் எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிறார்கள். பூசணம் பிடிக்காதிருக்கும் பொருட்டு மொட்டுகளைத் தலைகீழாக மருந்துக் கரைசலில் முக்கியெடுக்கும் வழக்கமும் பல பண்ணைகளில் உண்டு. அப்படி முக்கிய கட்டிலிருந்து சொட்டும் நீர் கட்டுகிறவளின் மடியில்தான் சொட்டுகிறது. காதலர் தினத்துக்காகப் பெப்ரவரி முற்பகுதியிலும் அன்னையர் தினத்துக்காக மே மாதத் தொடக்கத்திலும் இந்த எட்டு மணி நேரம் பன்னிரண்டுக்கு மேலும் நீளும்.

மருந்து அடிப்பவனுக்கே ஆபத்து, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் பண்ணைகளில் மட்டுமல்ல, வைத்தியர்களிடையிலும் நெடுங்காலம் நிலவிற்று. அடிப்பவனுக்கு ரப்பர் காலணி, முகமூடி, மேலங்கி என்று ஏதோ ஒன்று கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்பது பொதுக் கொள்கையாயிருந்தது. இக்கொள்கை தவறு என்பதை உலகுக்கு உணர்த்தியது மலர்த்தோட்டமன்று, பழத்தோட்டம். 1963இல் கலிபோர்னியாவில் பீச் பழம் பறிக்கச் சென்ற தொழிலாளர் தொண்ணூறு பேருக்கு மேல், மருந்துத் தெளிப்பானைக் கையால் தொட்டே அறியாதவர்கள், குமட்டலும் தலைச்சுற்றலும் வியர்வையும் மேலிட்டு நோயுற்றனர். இலைமேல் எஞ்சியிருந்த பாரத்தியான் என்னும் மருந்து காற்றிலும் வெயிலிலும் மாறுதலடைந்து, தெளித்த நிலையைவிடக் கொடிய வேறொரு பொருளாகியிருந்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே ‘மறுநுழைவுத் தடைக்காலம்’ என்னும் ஏற்பாடு: இன்ன மருந்து அடித்தால் இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை நாள் வரை தோட்டத்துக்குள் வேலையாள் நுழையலாகாது என்பது விதி.

பழத்தோட்டத்தில் ஓரளவு கடைப்பிடிக்கக்கூடிய இவ்விதி ரோஜாவுக்கு ஒத்துவரவில்லை. ரோஜா மொட்டு ஒரு நாளில் இருமுறை வெட்டப்பட வேண்டும். காலை வெட்டத் தவறியது மாலைக்குள் விரிந்து விலையிழந்துவிடும். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் தடைக்காலத்தைக் கண்டிப்பாக்கியபோது, ரோஜா விவசாயிகள் விண்ணப்பித்து, தடைக்காலத்திற்குள்ளேயே தினமும் சில மணி நேரம் ஆட்கள் நுழைந்து மலர் வெட்டலாம் என்ற விசேஷ விலக்கை 1994இல் பெற்றார்கள். சட்டங்கள் செவ்வனே அமலாகும் ஒரு தேசத்தில், அரசாங்கத்திடம் மனுக்கொடுத்துப் பெறவேண்டியிருந்த சலுகை அது. அத்தகைய கண்காணிப்பு இல்லாத தேசங்களிலோ மனுவும் இல்லை, விலக்கும் இல்லை, மொட்டு முற்றிய வேளையில் கத்தரியோடு உள்ளே போவது ஒன்றே வழக்கம்.

இனி, சரீரத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். பாரத்தியான் போன்ற பாஸ்பரஸ் சார்ந்த மருந்துகளும், கார்பமேட் வகை மருந்துகளும் நரம்பு முனைகளில் செய்தி தாங்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை வேலை முடிந்ததும் கலைத்துவிடுகிற நொதியைச் செயலறச் செய்கின்றன. நொதி அடங்கினால் நரம்பின் தூண்டுதல் அடங்காது. கண்ணீரும் உமிழ்நீரும் பெருகி, கண்மணி சுருங்கி, மார்பு இறுகி, தசைகள் துடிக்கும். இது கடும் நிலை. பண்ணைகளில் நித்தியம் காண்பது அதற்கு எவ்வளவோ குறைந்த நிலைதான்: மாலை நேரத்துத் தலைவலி, மங்கிய பார்வை, காரணம் தெரியாத களைப்பு, தூக்கமின்மை. இவற்றைச் சொல்லிக்கொண்டு வருபவளிடம், வீட்டில் ஏதாவது கவலையா என்று வைத்தியர் கேட்பதும் உண்டு. கேட்பதில் தப்பில்லை, கேள்வி அங்கேயே முடிந்துவிடுவதுதான் தப்பு.

இந்நொதியின் அளவை இரத்தத்தில் பரிசோதிக்கலாம். பரிசோதனை எளிது, அதன் பொருளை அறிவதே கடினம். ஆரோக்கியமான இருவரிடையே இந்நொதியின் இயல்பான அளவு மிகுந்த வேறுபாடு உடையதாகையால், ஒருத்தியின் அளவு பொது வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. உயர்ந்த இயல்பளவு உடையவள் மூன்றிலொரு பங்கை இழந்த பின்னும் அந்த வரம்புக்குள்ளேயே இருக்கக் கூடும். வேலையில் சேருமுன் எடுத்த அவளுடைய சொந்த அளவோடு ஒப்பிட்டால்தான் வீழ்ச்சி தெரியும். அந்த முதற் பரிசோதனை செய்யப்படாதவளுக்குப் பிறகு எத்தனை பரிசோதனை செய்தாலும், ‘ஒன்றுமில்லை’ என்ற சீட்டே கிடைக்கும். மேலும் ஒரு குறை உண்டு. குடில்களில் தெளிக்கப்படுவனவற்றில் பெரும்பங்கு பூசணமருந்துகள். அவற்றில் பெரும்பாலானவை இந்நொதியைத் தொடுவதேயில்லை. ஆகவே இரத்தப் பரிசோதனை என்பது பல கதவுகளுள்ள வீட்டில் ஒரே கதவுக்குக் காவல் வைத்தது போன்ற ஏற்பாடு. அந்தக் கதவிலும் இரவில் காவலாள் இல்லை.

மலர்த்தொழிலாளரின் ஆரோக்கியத்தைப் பெருமளவில் ஆராய்ந்த பழைய முயற்சிகளில் தலையாயது, 1990இல் வெளிவந்த ரெஸ்த்ரேப்போ முதலானோரின் ஆராய்ச்சியாகும். பொகோதாப் பிரதேசத்தில் 58 பண்ணைகளைச் சேர்ந்த 8,867 பேரை (பெண்கள் 5,916, ஆண்கள் 2,951) அவர்கள் விசாரித்தார்கள். அப்பண்ணைகளில் புழங்கிய மருந்துகள் 127 என்று கணக்கிட்டார்கள். மலர்ப்பண்ணையில் சேருமுன் உண்டான கர்ப்பங்களையும் சேர்ந்தபின் உண்டான கர்ப்பங்களையும் ஒப்பிட்டதில், பின்னவற்றில் கருச்சிதைவும், குறைமாதப் பிரசவமும், சிசுவின் பிறவிக் குறைகளும் மிதமான அளவில் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். பண்ணையில் வேலை செய்த ஆண்களின் மனைவியரைப் பற்றியும் தனியே ஆராய்ந்தார்கள். ஞாபகத்திலிருந்து சொல்லும் விடைகளை நம்பி எழுதிய ஆராய்ச்சியாகையால் இதில் பிழைக்கு இடமுண்டு. வயது ஏறுவதும் கருச்சிதைவுக்குக் காரணமாகும். ஏற்றுமதியாளர்கள் இக்குறைகளைச் சுட்டிக் காட்டுவதில் நியாயம் உண்டு. ஆயினும், 127 மருந்துகளில் எது குற்றவாளி என்று தொழிலாளி நிரூபித்தாக வேண்டும் என்று கேட்பது, அவற்றைக் கலந்து அடித்தவனிடமே கேட்க வேண்டிய கேள்வியை அதன் கீழ் நனைந்தவளிடம் கேட்பதாகும்.

இதே காலத்தில் பண்ணைகளில் வேறொரு பரிசோதனை தவறாமல் நடந்துவந்தது. வேலை கேட்டு வரும் பெண் கர்ப்பிணியா என்று அறியும் பரிசோதனை அது. கருவிலிருக்கும் சிசுவை மருந்திலிருந்து காக்கும் எண்ணம் அதில் அணுவளவும் இல்லை. பிரசவகாலச் சம்பளத்தைத் தவிர்க்கும் எண்ணமே இருந்தது. கொலம்பிய அரசாங்கம் 1994இல் அப்பரிசோதனையைத் தடுத்து, ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தது. உள்ளபடியே ஆபத்தான வேலையில் ஆபத்தைக் குறைப்பதற்குப் பதில் கர்ப்பிணியை விலக்கிவிடலாம் என்ற வழி, அவ்விதிவிலக்கின் மூலம் திறந்தே இருந்தது.

ஈக்வடாரில் ஆராய்ச்சியின் கவனம் தாய்மாரிடமிருந்து குழந்தைகளுக்குச் சென்றது. ராவுல் ஹராரி என்ற ஈக்வடார் வைத்தியரும், டென்மார்க்கைச் சேர்ந்த பிலிப் கிராண்ஜான் என்ற பேராசிரியரும் தங்கள் குழுவினருடன் தபக்குண்டோப் பகுதியில் பள்ளிச் சிறுவரைப் பரிசோதித்தார்கள். கர்ப்பகாலத்தில் தாய் மலர்ப்பண்ணையில் வேலை செய்த பிள்ளைகள், அவ்வாறு செய்யாத தாய்மாரின் பிள்ளைகளைவிடக் கை வேகத்திலும், கவனத்திலும், படத்தைப் பார்த்து வரைவதிலும் பின்தங்கியிருந்தார்கள். 2010இல் வெளியிட்ட ஆய்வில் அப்பின்னடைவை ஒன்றரை முதல் இரண்டாண்டு வளர்ச்சிக்குச் சமமென்று மதிப்பிட்டார்கள். ஆறு முதல் எட்டுப் பிராயமுள்ள குழந்தைகளுக்கு இரண்டாண்டு என்பது எவ்வளவு பெரிய தூரம் என்பதைப் பள்ளி ஆசிரியர் எவரும் சொல்வார். அக்குழந்தைகளின் இரத்த அழுத்தமும் சற்று மிகுந்திருந்தது. பரிசோதித்தவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கும் குறைவு என்பதை மறைக்கக் கூடாது.

2008இல் அதே பிரதேசத்தில் தொடங்கி இன்றும் தொடர்ந்து நடைபெறும் எஸ்பினா என்ற ஆராய்ச்சி இன்னும் விஸ்தாரமானது. அதை நடத்தும் ஹோசே சுவாரெஸ், பண்ணையில் வேலையே செய்யாத, நான்கு முதல் ஒன்பது வயதுள்ள 308 குழந்தைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத் தக்கது. அன்னையர் தின அறுவடை முடிந்து 63 முதல் 100 நாட்களுக்குள் அக்குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டிருந்தார்கள். அறுவடைக்குச் சமீபமாகப் பரிசோதிக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் முன்சொன்ன நொதி குறைவாயிருந்தது. கவனத்தை நிறுத்தும் திறமையும் அவர்களுக்குக் குறைந்திருந்தது. நாள் செல்லச் செல்ல இரண்டும் மேலேறின. தாய்தந்தையரின் உடையிலும் காலணியிலும் வீட்டுக்குள் வருவதும், பண்ணையை அடுத்த வீடுகளுக்குக் காற்றில் மிதந்து வருவதும் அக்குழந்தைகளைச் சென்றடையும் வழிகளாகக் கருதப்படுகின்றன. அன்னைக்கு மலரனுப்பும் வழக்கத்தை நான் குறைகூறப் புகவில்லை; அந்த மலரை வெட்டியவளும் ஒரு பிள்ளைக்குத் தாய் என்பதை மலர்க்கடைச் சீட்டில் எங்கும் எழுதுவதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

விஷத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், இத்தொழிலாளரை அதிகமாக வருத்தும் நோயை மறந்துவிடுவோம். கொலம்பியாவில் தொழிலால் உண்டானதென்று சட்டப்படி ஒப்புக்கொள்ளப்படும் வியாதிகளில் முன்னணியில் நிற்பது மணிக்கட்டு நரம்பு நெரிவதால் வரும் வியாதி. அதை மிகுதியாகக் காணும் தொழில்களில் மலர்த்தொழில் ஒன்று. மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையிலுள்ள குறுகிய பாதை வழியே ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. கத்தரியை இறுக்கி மணிக்கட்டை மடித்து வெட்டும் ஒவ்வொரு தடவையும் அப்பாதையில் அழுத்தம் ஏறுகிறது. கார்னேஷன் பண்ணையில் பக்கமொட்டுகளை விரல்நுனியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிபவளும், ரோஜாத் தண்டை ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் வெட்டுபவளும், கூடத்தின் குளிரில் முள் உருவுபவளும் முதலில் இரவில்தான் அதை உணர்கிறார்கள்: கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் விழிப்பு வரும், கையை உதறினால் தணியும். சில ஆண்டுகளில் உதறினாலும் தணியாது. சட்டைப் பொத்தானைப் போடவும், குழந்தைக்குத் தலைவாரவும் கை வராது. பொகோதாவிலுள்ள ஹாவேரியானாப் பல்கலைக்கழகத்தார் பண்ணைக்கே சென்று வெவ்வேறு கத்தரிகளால் வெட்டும்போது கைக்கு ஏறும் பாரத்தை அளந்து ஒப்பிட்டிருக்கிறார்கள். கூர் மழுங்காத, கைக்கு அளவான கத்தரியை உரிய காலத்தில் கொடுப்பது ஒரு பண்ணையின் கணக்கில் அற்பச் செலவு. அதைவிடக் கடினமானது, ஒருத்திக்கு ஒதுக்கும் பாத்திகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. எந்த நற்சான்று முத்திரையும் இதைப் பற்றி அதிகமாகப் பேசுவதில்லை.

மலரே தரும் உபாதைகளும் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். டூலிப் கிழங்கிலும், ஆண்டிஸ் பகுதியிலிருந்து பெருவாரியாக ஏற்றுமதியாகும் ஆல்ஸ்ட்ரோமீரியாவிலும் உள்ள ஒருவகைச் சாறு விரல்நுனித் தோலை வெடிக்கச் செய்யும். செவ்வந்தி வகைகளும் தோலழற்சி தரும். ரோஜா முள்ளின் வழியாகப் புகும் பூசணம் ஒன்று கையில் புண்ணாகி, நிணநீர்க் குழாயை ஒட்டி மேல்நோக்கி முடிச்சு முடிச்சாக ஏறும். 1898இல் பெஞ்சமின் ஷெங்க் என்ற அமெரிக்கர் விவரித்த இந்நோய் தோட்டக்காரர் நோய் என்றே பெயர் பெற்றது. செஞ்சிலந்தியின் தூளும் அதைத் தின்பதற்காகவே வளர்த்துவிடும் நன்மைச் சிலந்தியும் குடிலில் வேலை செய்வோர் சிலருக்கு இழுப்பு நோயைக் கொண்டுவரும். விஷமின்றிப் பூச்சியை ஒழிக்கும் யுக்தியும் தீமையே கலவாததன்று.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன வாதத்துக்குப் பிரத்தியட்சப் பிரமாணம் பெல்ஜியத்திலிருந்து கிடைத்தது. அந்நாட்டு நகரங்களின் பூக்கடைகளில் வாங்கிய 90 கொத்துகளைப் பரிசோதித்த கவ்லா தூமி முதலானோர், 2016இல் அவற்றில் 107 வகை மருந்துகளைக் கண்டதாக எழுதினார்கள். ரோஜாவே எல்லாவற்றிலும் அதிகமாக மாசுற்றிருந்தது. மறு ஆண்டில், பூங்கொத்து கட்டும் இருபது பேருக்குப் பருத்திக் கையுறை கொடுத்து, வேலை முடிந்தபின் அக்கையுறைகளைப் பரிசோதித்தபோது 111 வகைகள் தென்பட்டன. வெட்டி, குளிரறையில் வைத்து, சமுத்திரம் கடந்து, ஏலத்தில் விற்று, பல நாள் கழித்துக் கடைக்கு வந்த மலரே இவ்வளவு விட்டுச் செல்லுமானால், அம்மலர் செடியில் நின்றபோதே அதை அணைத்தவளுடைய கையில் என்ன இருந்திருக்கும்? ஐரோப்பியப் பூக்கடைக்காரரின் கையில் கண்டபிறகுதான் அங்கே மலருக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. தாமதமானாலும் நல்லதே.

நற்சான்று முத்திரைகளால் பயனில்லை என்று சொல்ல நான் துணியமாட்டேன். 1996இல் கொலம்பிய ஏற்றுமதியாளர் சங்கமே தொடங்கிய ஃப்ளோர்வெர்டே திட்டமும், ஐரோப்பியத் தொழிற்சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் 1998இல் வகுத்த மலர்த்தொழில் நடத்தை நெறியும் பண்ணைகளில் குளியலறை, உடைமாற்றும் அறை, மருந்துக் கிடங்குக்குப் பூட்டு முதலியவற்றைக் கொண்டுவந்தன. மிகக் கொடிய மருந்துகள் சில ஒழிந்தன. வீட்டு வேலைக்கோ ஜமீன் பண்ணைக்கோ போவதைத் தவிர வேறு வழியறியாதிருந்த கயாம்பேப் பெண்களுக்கு மாதச் சம்பளமும் வைத்தியக் காப்பீடும் இத்தொழிலால் கிடைத்தன என்பதையும் மறுக்கவியலாது. அவர்களில் பெரும்பாலோர் தொழில் மூடப்படுவதை விரும்பவில்லை. ஆனால் முத்திரை அளிக்க வரும் தணிக்கையாளர் குறிப்பிட்ட தேதியில் வருகிறார், பதிவேட்டைப் பார்க்கிறார். மே மாத முதல் வாரத்து இரவில் கூடத்துக்கு வருவதில்லை.

இவையெல்லாம் தொலைதூரத்து விவகாரங்கள் என்று நாம் இருந்துவிட முடியாது. ஓசூரைச் சுற்றித் தளி, பாகலூர், பேரிகைப் பகுதிகளில் அதே ரோஜா, அதே பாலிதீன் கூரை, அதே பெப்ரவரி அவசரம் உண்டு. நம் தேசத்தின் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்த கதையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1958இல் கேரளத்திலும் சென்னை ராஜ்யத்திலும் பாரத்தியான் கலந்துவிட்ட உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை விசாரித்ததன் பயனாகவே 1968ஆம் ஆண்டுச் சட்டமும் 1971ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. உண்டவர்களின் மரணத்திலிருந்து பிறந்த சட்டமாயினும், அதன் விதிகள் உழைப்பவரை முற்றிலும் மறக்கவில்லை: மருந்து தயாரிப்போருக்கும் தெளிப்போருக்கும் பாதுகாப்பு உடை தரவும், வேலையில் அமர்த்துமுன்பும் பின்னர் காலமுறைப்படியும் வைத்தியப் பரிசோதனை செய்யவும், பாஸ்பரஸ், கார்பமேட் மருந்துகளைக் கையாள்வோரின் இரத்தத்தில் நொதியின் அளவைப் பார்க்கவும் அவை கட்டளையிடுகின்றன. கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத்திலோ பொகோதாவிலோ ஒரு தொழிற்சங்கம் பல ஆண்டு போராடிக் கேட்கக்கூடிய முதற் பரிசோதனை, நம் விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. தெளிப்பவன் வெளியே வந்தபின் ஈரம் காயாத பாத்திக்குள் கத்தரியோடு நுழைபவள் மட்டும் அவ்விதியின் வாசகத்துக்குள் வரவில்லை. மருந்து தெளித்த குடிலுக்குள் தடைக்காலம் முடியுமுன் வேலைக்குச் செல்வோரும் மருந்தைக் கையாள்வோராகவே கருதப்படுவர் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். கொய்பவளும், முள் உருவுபவளும், மருந்தில் முக்கிய கட்டைக் கட்டுபவளும் அப்பரிசோதனைக்கு உரியவர்களாகிவிடுவார்கள். அந்த வாக்கியத்தைச் சேர்க்க மத்திய அரசாங்கத்துக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, விதித் திருத்தம் ஒன்றே போதுமானது.